வந்துச்சா என்று கேட்காதீர்கள்

பிரசவ வார்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு எழுதுவது.

போன மாதம் என் தங்கையின் மருமகளைப் பார்க்க அங்கே வந்திருந்தேன். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே வார்டு. சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், எல்லா ஃபேனும் ஓடுகிறது, சந்தோஷமாகத்தான் உள்ளே நுழைந்தேன். அப்போது உங்களில் ஒரு பெண், கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றபடியே, கோடியில் இருந்த கட்டிலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏம்மா ஜன்னலோரம், பால் வந்துச்சா?”

வார்டு மொத்தமும் ஜன்னலோரம் திரும்பியது. பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்த ஆண்கள்கூடத் திரும்பினார்கள். அந்தப் பெண் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் சாய்ந்துவிட்டாள். மடியில் இருந்த குழந்தை வாயைத் திறந்து தேடிக்கொண்டே இருந்தது. இனி அதற்கு எங்கிருந்து வரும்?

எனக்கு வந்த எரிச்சலுக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் கண்டக்டர் “எங்கம்மா போவணும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் போதும், பாப்பாரப்பட்டி என்கிற பேர் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொள்ளும். அவர் அடுத்த ஆளிடம் திரும்பிய பிறகு தானாக வெளியே விழும். “அப்பவே சொல்றதுக்கு என்னா, வாயில கொழுக்கட்டையா?” என்று வாங்கிக் கட்டிக்கொள்வேன். அன்றைக்கும் வார்டில் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்து முன்னே பின்னே இருந்தால் நீங்களே சரியாக வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கூட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது, யாரை எந்தக் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போவது என்பதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கப் போனால் அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கைக்கு வராதது வாயை மூடிக்கொள்வது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை, ஏனென்றால் அங்கே யாருக்கும் அது தெரியாது.

பிள்ளை பெற்றவளைச் சுற்றி எத்தனை பேர் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருத்தி சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரை முந்தானையில் மறைத்துக் கொண்டுவருவாள். கூடாது என்று போர்டு எழுதி வைத்திருக்கிற இடத்துக்கு நேர் கீழே நின்று குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பாள். கேட்டால், “எங்க மாமன் கொணம் வரணுமில்ல” என்பாள். அந்த மாமன் வெளியே மரத்தடியில் நின்று யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருப்பான். இன்னொருத்தி, பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு ஊதிக்கொள்ளும் என்று சொம்பைப் பிடுங்கி வைத்துக்கொள்வாள். தாகத்தில் அவள் உதடு வெடித்துக் கிடக்கும். பிறகு அதே ஆள், “இவளுக்குப் பாலே ஊறல” என்று வராந்தாவில் போய்ச் சொல்லுவாள். ஊற்றை அடைத்துவிட்டுக் கிணற்றைக் குறை சொல்கிற கதை.

இவர்களையாவது வீட்டு ஆட்கள் என்று விட்டுவிடலாம். அந்த வார்டில் சம்பளம் வாங்கிய நாங்களும் அதைத்தான் செய்தோம். கட்டிலைக் கடந்து போகிற ஒவ்வொருத்தியும் ஒரு “வந்துச்சா?” போட்டுவிட்டுப் போவோம். பெருக்குகிறவள் கேட்பாள், சோறு கொண்டுவருகிறவள் கேட்பாள், பொண்டாட்டி கேட்டுவரச் சொன்னாள் என்று வாட்ச்மேன்கூடக் கேட்பான். அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதை நிறுத்தியது ஒரு சிஸ்டர். பேர் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வெள்ளைப் புடவை காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அப்போது யாரைத் திட்டுகிறோம் என்று அவருக்கே தெரியாது, எதிரில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து விழும். என்னைக் கோகிலா என்கிற பெண்ணிடம் உட்கார வைத்தவர் அவர்தான்.

கோகிலாவுக்கு அது இரண்டாவது பிரசவம். நாள் நெருங்குவதற்கு முன்பே வலி கண்டு பிறந்துவிட்ட பெண் குழந்தை. உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பிறந்ததும் குழந்தைகளுக்கான தனி வார்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். மாரில் வாய் வைத்து உறிஞ்ச அதற்குச் சக்தியில்லை. தாய்தான் இங்கே கையால் பீய்ச்சி, சின்ன மூக்கு வைத்த எவர்சில்வர் பாலாடையில் பிடித்து, அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கோகிலாவின் கைக்கு ஒரு சொட்டும் வரவில்லை. அவளுக்குத் தாய் இல்லை. புருஷன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. கூட இருந்தது மாமியாரும் நாத்தனாரும்.

அந்த மாமியார் என்ன செய்வாள் தெரியுமா? கோகிலா கட்டிலில் திரும்பி உட்கார்ந்து மாரைக் கையில் பிடித்ததுமே எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். முழங்காலில் கை வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்ப்பாள். முடிந்ததும் பாலாடையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மகளிடம் கொடுப்பாள். மகள் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த கிழவியிடம் காட்டுவாள். அந்தக் கிழவிக்கும் இந்தப் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கிழவி உதட்டைப் பிதுக்குவாள்.

“மூத்ததுக்கே பவுடர் டப்பாதான். இது அவ ஒடம்புவாகு” என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பாலாடையைக் கழுவித் திரும்ப மருமகள் கையில் கொடுப்பாள். “இன்னொருக்கா பாரு கண்ணு” என்பாள். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அதுதான் எரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டு அனுப்பிவிடலாம்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். “இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்மா. கொஞ்சம் வந்தாலும் போதும், அதுலயே ஆரம்பிச்சுடலாம். வரலன்னா பவுடர் பால்தான் வழி. இவ்வளவு சின்னப் பாப்பாவோட குடலுக்கு அது ஒத்துக்கணும், அதான் எனக்கு யோசனை.”

டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் நாத்தனார் டவுனுக்குப் போய்ப் பவுடர் டப்பா ஒன்றை வாங்கிவந்து, கோகிலாவின் தலைமாட்டில், அவள் கண்ணுக்கு நேராக வைத்துவிட்டாள். ஒரு தைரியத்துக்காம்.

சிஸ்டர் அந்த டப்பாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் திட்டவில்லை. என்னைத் துணிகள் வைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஆயாம்மா, அவ மார்ல கை வெச்சுப் பாத்தீங்களா?”

“கல்லு மாதிரி இருக்குதுங்க சிஸ்டர்.”

“அப்ப பால் இருக்குதா இல்லையா?”

நான் யோசித்தேன். “இருக்குதுங்க. ஆனா வரலீங்க.”

“அதான். பால் செய்யறது ஒரு வேலை, செஞ்ச பாலை விடறது வேற வேலை. ரெண்டுக்கும் தனித்தனி சேதி போகணும். கொழந்த வாய் வெச்சா, இல்ல நாம கையால தடவினா, மார்ல இருந்து மூளைக்கு ஒரு சேதி போகும். அது போய்ச் சேர்ந்தா மூளையடியில இருந்து ஒரு சுரப்பு ரத்தத்துல எறங்கும். அந்தச் சுரப்பு மாருக்கு வந்து தட்டுனாத்தான் உள்ள இருக்கற பால் பையெல்லாம் சுருங்கி வெளியில தள்ளும். நாம பிரசவ வலிக்கு பாட்டில்ல ஏத்தறமே, அதே சாமான்தான் அது.”

“அப்ப அந்தச் சேதி போவலீங்களா?”

“எப்படிப் போகும்? பயம்னு ஒரு சேதி முன்னாடியே போய் ஒக்காந்துட்டு இருக்குது. வலி, வெக்கம், யாராச்சும் மொறச்சுப் பாக்கறது, எல்லாம் அதோட ஆளுங்கதான். அது இருந்தா மூளை சுரப்ப விடாது. கொஞ்சம் விட்டாலும் மாருக்குப் போற வழியை இறுக்கிடும். நீங்க புழிஞ்சு எடுத்தாலும் வராது.”

எனக்குக் கண்டக்டர் ஞாபகம் வந்தது. அதைச் சிஸ்டரிடம் சொல்லவில்லை.

சிஸ்டர் கடைசியாக இன்னொன்றும் சொன்னார். தேங்கிய பால் தேங்கியபடியே இருந்தால், இது யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று உடம்பு பால் செய்வதையும் குறைத்துக்கொள்ளுமாம். அப்படி ஆகிவிட்டால் பிறகு மாமியார் சொன்னதுதான் உண்மையாகிவிடும். முதல் பிள்ளைக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

“அவள இந்த ரூமுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. செவுத்தப் பாத்து ஒக்கார வெச்சு முதுகத் தடவிக் குடுங்க. கொழந்த போட்டிருந்த குல்லா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, மோந்து பாத்துட்டே இருக்கட்டும், கொழந்த வாசனைக்கும் சேதி போகும். யாரையும் உள்ள விடாதீங்க. முக்கியமா, வந்துச்சான்னு நீங்களும் கேக்காதீங்க. உங்கள எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுதா? இந்த வார்டுல கேள்வி கேக்காத ஆள் நீங்க ஒருத்தர்தான்.”

அதுவும் முழுசாக உண்மையில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

குல்லா கதையைக் கேளுங்கள். குழந்தை வார்டுக்குப் போய், அங்கே இருந்த பெண்ணிடம் கெஞ்சி, குழந்தை தலையில் இருந்த குல்லாவைக் கழற்றி வாங்கி வந்தேன். கோகிலாவின் கட்டிலில் வைத்துவிட்டு ஸ்டூல் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் குல்லாவைக் காணோம். மாமியார் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மூடி டெட்டாலும் ஊற்றியிருந்தாள்.

“பச்சப்புள்ளத் துணி, ஒரே கவுச்சியா இருந்துச்சு ஆயா. சுத்தமா வெச்சுக்க வாணாமா?” என்றாள். பிழிந்து, உதறி, வராந்தா ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள்.

நான் திரும்பவும் நடந்தேன். குழந்தை வார்டுப் பெண், “இப்பத்தானே ஒண்ணு குடுத்தேன், அத என்னா பண்ணீங்க?” என்றாள். புதிதாகக் குழந்தைக்கு மாட்டியிருந்த இரண்டாவது குல்லாவையும் கெஞ்சி வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்து யார் கண்ணிலும் படாமல் கோகிலாவின் கையில் கொடுத்தேன். அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது.

துணி அறையில் ஒரு பக்கம் போர்வைகள், ஒரு பக்கம் விரிப்புகள், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம். கோகிலாவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“குடிக்கலாங்களா ஆயா? அத்தை வைவாங்க.”

நான் தலையை ஆட்டினேன். ஒரே மூச்சில் பாதிச் சொம்பைக் குடித்தாள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தேன். தோள் இரண்டும் காதுவரை ஏறிக் கிடந்தன. மெல்ல மெல்ல இறங்கின. சிஸ்டர் ஒருதரம் எட்டிப் பார்த்தார். கேட்கவில்லை, போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பிரசவ அறையில் ஏதோ அவசரம் என்று அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இனி யாராவது வந்தால் நான்தான் நிறுத்த வேண்டும். அந்த வேலைக்கு என்னைவிட மோசமான ஆள் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது.

நினைத்தபடியே வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றேன். மாமியாரும், பின்னால் போனை நீட்டிப் பிடித்தபடி நாத்தனாரும் வந்தார்கள்.

“அண்ணன் வீடியோ கால்ல இருக்கறான் ஆயா. வந்துச்சான்னு பாக்கோணுமாம். நகருங்க.”

போனுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், “அம்மா, காட்டுங்கம்மா” என்றது. அவனை நான் என்ன சொல்ல! தொழிற்சாலையில் லீவு கிடைக்காத பிள்ளை. அவனுக்கும் பயம். ஆனால் பொண்டாட்டி பால் பீய்ச்சுவதை போனில் பார்த்தால் அந்தப் பயம் போய்விடுமா? இந்த போன் வந்த பிறகு ஓசூரில் இருக்கிறவனும் ஸ்டூல் போட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறான்.

நான் நகரவில்லை. வார்த்தையும் வரவில்லை. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“என்னா ஆயா, கேக்கறமில்ல? ஊமையா நீ?” என்றாள் மாமியார்.

தொண்டை வரைக்கும் எல்லாம் வந்தது. சேதி, மூளை, சுரப்பு, சிஸ்டர் சொன்னது அத்தனையும். வெளியே வந்தது ஒன்றுதான்.

“பாத்தா வராதுங்க.”

அவ்வளவு மெல்லச் சொன்னேன். நாத்தனார், “என்னாது?” என்றாள். மாமியாருக்குக் கேட்டுவிட்டது. அவள் முகம் மாறிற்று. சண்டைக்கு வருவாள் என்று கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை. மகளிடம், “கீழ போயி டீ வாங்கிட்டு வா. போன அமத்திட்டுப் போ” என்றாள். மகள் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். மாமியார் கதவுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

வராந்தாவில் காயப்போட்ட துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. முதல் குல்லாவும் அங்கே இருந்தது. டெட்டால் வாசனை இங்கே வரைக்கும் வந்தது.

அவளே ஆரம்பித்தாள். கதவுக்குள் கேட்காத குரலில்.

“எனக்கும் வரல ஆயா.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

“இதா, இப்ப போன்ல பேசினானே, அவன் பொறந்தப்ப. நடுவூட்டுல ஒக்கார வெச்சு என் மாமியா, ஓரகத்தி, பக்கத்து வூட்டுக்காரி, எல்லாரும் சுத்தி நின்னாளுங்க. பீச்சு பீச்சுன்னாளுங்க. ஒண்ணும் வரல. என் மாமியா சொம்ப எடுத்துக்கிட்டுத் தெருத் தெருவா ஆட்டுப்பாலுக்குப் போனா. மருமவளுக்குப் பாலில்லன்னு தண்டோரா போடாத கொறை. மொரப்பூர்ல இருக்கற எங்கம்மா வரைக்கும் சேதி போயி, அவங்க அழுதுக்கிட்டே ரயிலேறி வந்தாங்க. அவன் நோஞ்சானாத்தான் வளந்தான். ஒரு காச்சல் வந்தாக்கூட, இதா போச்சு, இன்னைக்குப் போச்சுன்னு கெடப்பன். அதான் இவளுக்கு எவ்ளோ வருதுன்னு தூக்கித் தூக்கிப் பாக்கறன். எம்மேல எல்லாருக்கும் கோவம். எனக்குத் தெரியாதா?”

படித்த ஆளாக இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன். “அப்பவும் உங்களுக்குள்ள இருந்திருக்குங்க” என்றேன். “எல்லாரும் சுத்தி நின்னதால வெளிய வரலீங்க. சிஸ்டர் சொன்னாங்க.”

அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இத்தன வருஷங்கழிச்சு சொல்றாங்க பாரு, உங்க சிஸ்டரு” என்றாள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து கோகிலா கூப்பிட்டாள்.

“ஆயா, அடிவயிறு புடிச்சு இழுக்குதுங்க. பிரசவ வலி மாதிரியே இருக்குது.”

மாமியார் துள்ளி எழுந்துவிட்டாள். “ஐயோ, டாக்டரக் கூப்பிடு ஆயா. புள்ளைக்கு என்னமோ ஆவுது.” கதவில் கை வைத்துவிட்டாள்.

நான் வேலை பார்த்த அத்தனை காலத்திலும் யார் கையையும் பிடித்து இழுத்தது கிடையாது. அன்றைக்கு இழுத்தேன். ஏனென்றால் அந்த வலி எதற்கு வருகிறது என்று சிஸ்டர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். மூளை விடுகிற சுரப்பு மாருக்கு மட்டும் போவதில்லை, கர்ப்பப்பைக்கும் போகும். பிரசவத்தில் சுருக்கிய அதே கர்ப்பப்பையை இப்போதும் பிடித்துச் சுருக்கும். இரண்டாவது பிள்ளைக்காரிக்கு அந்த வலி இன்னும் அதிகமாகவே தெரியும். அடிவயிறு இழுத்தால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நேரத்தில் கதவு திறந்து, மாமியார் கத்தி, ஆட்கள் ஓடிவந்தால், வந்த வழியே எல்லாம் திரும்பிப் போய்விடும். அதே சமயம், எனக்குச் சந்தேகமும் இருந்தது. நிஜமாகவே வேறு ஏதாவதாக இருந்தால்? ரத்தப்போக்காக இருந்தால்? நான் யார், நல்ல வலி கெட்ட வலி பார்த்துச் சொல்ல?

கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டேன். மாரைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பாலாடையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன், புடவையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. முகம் வேர்த்திருந்தது, ஆனால் வெளுக்கவில்லை. “விட்டுவிட்டு இழுக்குதா கண்ணு?” என்று கேட்டேன். “ஆமாங்க” என்றாள். “அது நல்ல வலிதான். மயக்கமா வந்தாலோ, துணி நனைஞ்சாலோ ஒடனே சொல்லு” என்று கதவைச் சாத்தினேன்.

நீங்கள் இதை எனக்குப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல வலிதான் என்று எனக்கே நிச்சயம் கிடையாது. பிரசவ அறைக்கு ஒரு ஆளை அனுப்பிச் சிஸ்டரிடம் சேதி சொல்லச் சொன்னேன். பார்த்த பிறகு கதவைச் சாத்துவது வேறு, பார்க்காமலே சாத்துவது வேறு. என்னைப் போலப் பார்த்தாலும் யாருக்காவது சொல்லி அனுப்பாமல் இருக்காதீர்கள்.

“நல்ல வலியா?” என்றாள் மாமியார்.

“சேதி போயிருக்குதுங்க.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றாள். டீயோடு வந்த நாத்தனார், “அண்ணன் மறுபடி கூப்பிடறான்மா, காட்டச் சொல்றான்” என்றாள்.

“உங்கண்ணன் பாத்து என்னா கிழிக்கப் போறான்? போன உள்ள வை” என்றாள் மாமியார். “யாரும் உள்ள போவக்கூடாது. நானே போவல.”

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பொறாமை. அந்தக் குரல் எனக்கு இருந்திருந்தால் அந்த வார்டில் எவ்வளவோ செய்திருப்பேன்.

சிஸ்டர் வேகமாக வந்தார். உள்ளே போய் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தார். முகத்தில் கண்ணாடி இருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பப் பிரசவ அறைக்குப் போய்விட்டார். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது கதவு திறந்தது. கோகிலா பாலாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் மேல் குல்லாவைப் போட்டு மூடியிருந்தாள். எதிரில் மாமியார். பழக்கத்தில் மாமியாரின் கை நீண்டுவிட்டது, வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க. கோகிலா அப்படியே நின்றுவிட்டாள். அவள் தோள் மறுபடியும் காதுக்கு ஏறியதை நான் பார்த்தேன்.

மாமியார் கையை இழுத்துக்கொண்டாள். திரும்பி, முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டாள்.

“நான் பாக்கல கண்ணு. நீ போ.”

கோகிலா வராந்தாவில் நடந்தாள். குழந்தை வார்டு அந்தக் கோடியில் இருந்தது. அடி எடுத்து அடி வைத்து, கண்ணைக் கையிலிருந்து எடுக்காமல், எதிரில் வந்த தள்ளுவண்டிக்கு நின்று வழிவிட்டு, மறுபடி மெல்ல நடந்தாள். வெறும் பாலாடையைத் தூக்கிக்கொண்டு யாரும் அப்படி நடப்பதில்லை.

பாதி தூரம் போயிருப்பாள். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பக்கத்துக் கட்டில் கிழவி கழுத்தை நீட்டினாள்.

“என்னாம்மா, வந்துச்சா?”

மாமியார் சுவரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். அது வார்டு முழுக்கக் கேட்டது.

“அது எதுக்கு ஒனக்கு? உன் வேலையப் பாரு.”

பவுடர் டப்பாவை யாரும் திறக்கவில்லை. குழந்தை தேறி, தாய் மாரிலேயே வாய் வைத்துக் குடிக்கப் பழகி, அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று, மாமியார் அந்த டப்பாவை என் கையில் திணித்தாள். “டீ போட்டுக் குடி ஆயா” என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன். போட்டும் குடித்தேன். கண்றாவியாக இருந்தது.